முனிரத்தினம் நகர்த்திய தொலைநோக்கி

"வானத்தையே பாத்துக்கினு சம்பளம் வாங்கினீங்க, குடுத்து வெச்சவங்க மேடம்" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திய புண்ணியவான்கூட அதையேதான் சொன்னார். முதலில் இதைத் தீர்த்துவிடுகிறேன். நான் வானத்தைப் பார்த்ததே இல்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் கீழே பாட்டில் மூடி அடிக்கும் கம்பெனி, மேலே எங்கள் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காலையில் டிபன் பாக்ஸோடு உள்ளே போனால் சாயங்காலம் கண் எரிய வெளியே வருவேன். பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரைதான். போதாததற்கு நான் பிறந்து வளர்ந்தது கும்மிடிப்பூண்டி. உருக்காலைப் புகைக்குப் பின்னால் வானம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதோடு சரி.

இப்போது அந்த அறையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள். புது மென்பொருள் வந்திருக்கிறதாம். ஒரு பொத்தானை அழுத்தினால் கறையை எடுத்துவிடுகிறது, விண்மீனைக் கூர்மையாக்குகிறது, இல்லாத இழையைக்கூட அழகாக வரைந்து கொடுக்கிறது. "இனிமே எதுக்கு மேடம் ரெண்டு பேர் தனித்தனியா ஒக்காந்து பாக்கணும்? பெரிய சார் ஏன் அத விடவே மாட்டேன்னாரு?" என்று கேட்டார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்று, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

பெரிய சார் என்று அவர்கள் சொல்வது வேதாசலம் சாரை. என்னுடைய முதல் வேலையிலிருந்து கடைசி வேலைவரை எனக்கு மேலதிகாரி அவர் ஒருவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன எக்ஸ்ரே கூடத்தில். மனுஷருக்கு எடுக்கிற எக்ஸ்ரே இல்லை, இரும்புக்கு. கொதிகலன் குழாய்களை வெல்டிங் வைத்து இணைப்பார்கள் இல்லையா, அந்த இணைப்புக்குள் விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று ஃபிலிமில் படம் எடுத்துப் பார்ப்பது. ஃபிலிம் கழுவுகிற இருட்டறையில்தான் என்னை முதலில் போட்டார்கள். கை வெந்து, மூக்கு எரிந்து, நாலு பேர் திட்டி, ஒருவழியாகப் படம் பார்க்கிற மேசைக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே கற்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே உறைக்குள் இரண்டு ஃபிலிம் வைத்துத்தான் எடுப்போம். ஒரு ஃபிலிமில் கோடு தெரிகிறது, இன்னொன்றில் இல்லை என்றால் அது ஃபிலிமில் விழுந்த கீறல், கறை, எவனோ வைத்த கைரேகை. இரண்டிலும் அதே இடத்தில் தெரிந்தால் அது இரும்பில் இருக்கிறது. ஒரு ஃபிலிமை சார் பார்ப்பார், இன்னொன்றை நான் பார்ப்பேன். அவர் குறித்ததை நான் பார்க்கக் கூடாது, நான் குறித்ததை அவர் பார்க்க மாட்டார். முடித்த பிறகுதான் ஒன்றன்மேல் ஒன்று வைப்போம்.

சார் அதிர்ந்து பேச மாட்டார். பாராட்டவும் மாட்டார். விளக்கு மேசைமுன் உட்காருமுன் இருட்டில் சும்மா இருப்பார், கண் பழகட்டும் என்று. அப்போது பேசினால் தொலைந்தோம். கம்பெனிக்காரன் யாராவது "லாரி நிக்குது சார், சீக்கிரம்" என்று வந்து நின்றால், விளக்கை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "லாரிய மனசுல வெச்சிக்கினு படம் பாக்கக் கூடாதுமா" என்பார். நான் ஒருமுறை, "இங்க ஒரு விரிசல் இருக்கற மாதிரி இருக்கு சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கு, இல்ல, தெரியல. இந்த மூணுதான். இருக்கற மாதிரி இருக்குன்றது நாலாவது. அது இங்க கெடையாது." அந்த 'தெரியல'வைச் சொல்லக் கூச்சமில்லாமல் பழகிக்கொள்ள எனக்குத்தான் வருஷக்கணக்கில் ஆனது. மண்டைக்கனம்.

பிறகு ஃபிலிம் போய் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. கூடத்தை மூடினார்கள். சார் காக்களூரில் அந்த மாடி அறையை எடுத்தார், என்னையும் கூப்பிட்டார். நான் திருவள்ளூருக்கு வீடு மாறினேன். வெல்டிங் படங்கள் கொஞ்சம் வந்தன. அப்புறம், யார் மூலமோ, விண்வெளிப் படங்கள் வர ஆரம்பித்தன. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. குழாய் பார்த்த கண்ணுக்குக் கேலக்ஸியாம்!

வேலை இதுதான். சிலி நாட்டு மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி. உலகம் முழுக்கப் பல பேர் பங்கு போட்டு அதில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று போனிலேயே தட்டிவிடலாம். அங்கே இருட்டியதும் அது தானே திரும்பிப் படம் எடுத்து வைக்கும். எடுத்த படமெல்லாம் எல்லாப் பங்குக்காரருக்கும் பொது, போனிலேயே பார்க்கலாம். ஆனால் வருகிற படம் பார்க்கச் சகிக்காது. கரியும் புள்ளியுமாக, கழுவாத தட்டு மாதிரி இருக்கும். கேமராவின் சொந்தக் கறையைக் கழிக்க வேண்டும். விண்மீனோடு விண்மீன் பொருத்திப் பல படங்களை ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரே படத்தில் மட்டும் வந்த செயற்கைக்கோள் கோட்டைத் தள்ள வேண்டும். எல்லாப் படத்துக்கும் பொதுவான பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்ட வேண்டும். நிலா வெளிச்சம் ஒரு பக்கமாகப் படிந்திருந்தால் அதைச் சமன் செய்து பின்னணியைக் கறுப்பாக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மங்கலானதன் வெளிச்சத்தை மெல்லத் தூக்கிக் காட்டுவது. பங்குக்காரர்கள் பலருக்கு இதைச் செய்யப் பொறுமை இல்லை. அதனால் எங்களுக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாள் மதியம் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா படியேறி வந்தார். பெயர் சகுந்தலா. நெல் விவசாயக் குடும்பம். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல், துணிப்பையிலிருந்து ஒரு பிரிண்டை எடுத்து என்முன் வைத்தார்.

"இத நீங்கதான் செஞ்சீங்களாமா?"

"எங்க ரூம்ல செஞ்சதுதாம்மா."

"இதுல இன்னா கீது?"

"ஒரு கேலக்ஸி. இதோ, வலது ஓரமா."

"மீதி?"

"மீதி வெறும் வானம்."

"என் புள்ளயும் அதத்தான் சொல்றான்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் முனிரத்தினம். வள்ளூர் பக்கம் மின்நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொலைநோக்கியில் அவரும் ஒரு பங்குக்காரர். தலைக்குள் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உறுதி இல்லை என்றிருக்கிறார்கள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம். ஊட்டுக்குப் போலாம்" என்றிருக்கிறார். அந்த அம்மா அழைத்துவந்துவிட்டார். கொஞ்ச நாளில் வீட்டிலேயே உயிர் போனது.

மகன் தயாளன் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் ஃபிட்டர். அவனுக்கு ஆறவே இல்லை. கட்டி மூளையை அழுத்தி நைனாவுக்கு அப்போதே புத்தி கலங்கிவிட்டது, அந்த நிலைமையில் அவர் உளறியதைக் கேட்டு அம்மா அவரைச் சாகக் கூட்டிவந்துவிட்டாள் என்பது அவன் கட்சி. அவர் இறந்த பிறகு அவருடைய மெயிலுக்கு எங்கள் அறையிலிருந்து இந்தப் படம் போயிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உறுதியாகிவிட்டது. மற்றவர்கள் எடுத்ததிலெல்லாம் கேலக்ஸி நட்ட நடுவில் இருக்கிறது. நைனா எடுத்ததில் மட்டும் அது ஓரத்தில் ஒதுங்கி, மீதியெல்லாம் இருட்டு. "பாத்தியா, எங்க பாக்கறோம்னே தெரியாம எதையோ தட்டிவிட்டுக்கீறாரு. அந்தாளு பேச்சத்தான் நீ கேட்ட" என்றானாம். அதிலிருந்து அவன் அம்மா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

"மொத தபா ஊட்லேர்ந்து தட்டிவிட்டாரு. ரெண்டாவது தபா ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கினு தட்டினாரு. அன்னிக்கித்தான் ஊட்டுக்குப் போலாம்னதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. அவரு தெரிஞ்சு தட்டினாரா, தெரியாம தட்டினாரா? நான் அவரு சொன்னதக் கேட்டேனா, இல்ல கட்டி சொன்னதக் கேட்டேனா? அது ஒண்ணு தெரியணும்."

அவரை அனுப்பிவிட்டு, முனிரத்தினம் எடுத்த மூலப்படங்களைத் திறந்தேன். முதல் இரவின் படங்களில் கேலக்ஸி நடுவில்தான் இருந்தது. இரண்டாவது இரவில்தான் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இரண்டையும் அடுக்கிப் பொதுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டதால், இரண்டாம் இரவு புதிதாகப் பார்த்த இடப்பக்கம் முழுவதும் வழக்கப்படி வெட்டுப்பட்டிருந்தது. முதல் இரவின் இடது ஓரத்தில் ஏதோ புகைபோல லேசாகப் படிந்திருந்தது. அதையும் நிலா வெளிச்சம் என்று மென்பொருள் துடைத்திருக்கிறது.

அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பையன்மேல் வேறு ஆத்திரம். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? வெளிச்சத்தைத் தூக்கு தூக்கு என்று தூக்கினேன். புகை திரண்டு, இழை இழையாகி, யார் பார்த்தாலும் வாயைப் பிளக்கிற மாதிரி வந்துவிட்டது. சார் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இன்னாமா இது?"

விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு என் கையிலிருந்து மவுஸை வாங்கி, நான் செய்ததையெல்லாம் மூடினார்.

"அந்தம்மாவுக்காக வெளிச்சத்த ஏத்தாத. புள்ளமேல இருக்கற கோவத்துலயும் ஏத்தாத. இவ்ளோ தூக்கினா என் வழுக்க மண்டயக்கூட கேலக்ஸின்னு காட்டலாம்."

"சார், அவங்க வாழ்க்க சார்!"

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கி அந்தப் பையன் வேற எவன்கிட்டயாவது காட்டி, இது பொய்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா அந்தம்மா கெதி இன்னா?"

சார் அலமாரியைத் திறந்து, பழைய கூடத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் தாள் கட்டையும், ஃபிலிமில் குறிக்கிற மஞ்சள் பென்சில்கள் இரண்டையும் எடுத்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற தாள்கள். "மொத ராத்திரி உனக்கு. ரெண்டாவது எனக்கு. வேற யார் படத்தையும் சேக்காத" என்றார்.

நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. திரையின் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தாளை ஒட்டினேன். முதலில் பளிச்சென்ற விண்மீன்களைப் புள்ளியாகக் குறித்தேன். பிறகு, வெளிச்சத்தைத் தூக்காமல், கண்ணுக்கு நிச்சயமாகத் தெரிகிற இடத்தில் மட்டும் அந்தப் புகையின் விளிம்பை வரைந்தேன். சந்தேகமான இடத்தில் பென்சிலை எடுத்துவிட வேண்டும், கோட்டை இழுத்துச் சேர்க்கக் கூடாது. நடுவில் கரன்ட் போனது. கீழே மூடி அடிக்கிற இயந்திரம் நின்று தொழிற்பேட்டையே அமைதியானது. சார் பென்சிலைக் கீழே வைத்தார். நானும்தான். கரன்ட் வந்ததும் கண் பழகும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பித்தோம். முடித்ததும் அவரவர் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை சார் கறுப்புத் துணியை விலக்கிவிட்டு இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடிமேல் வைத்தார். முதலில் தாளின் ஓரத்தோடு ஓரம் வைத்தார். என் தாளில் புகை இடது கோடியில் இருந்தது. அவர் தாளில் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. இரண்டும் எங்கேயும் தொடவில்லை. பிறகு விண்மீன் புள்ளிமேல் புள்ளி வரும்படித் தாளை நகர்த்தினார். என்னுடைய கோடு வந்து அவருடைய கோட்டின்மேல் அப்படியே படிந்தது.

கேமராக் கறை என்றால், தொலைநோக்கி எங்கே திரும்பினாலும் அது படத்தின் இடது கோடியிலேயேதான் இருந்திருக்கும். நிலா வெளிச்சம் என்றால் இரண்டு இரவும் விண்மீன்களோடு இப்படி ஒட்டி வராது. இது விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. அப்படியானால் அது வானத்தில் இருக்கிறது. நம்முடைய பால்வீதியின் தூசி மேகம், அந்தப் பக்கம் முழுக்க மெல்லிய திரைபோலப் பரவியிருந்தது.

"இருக்கு" என்றார் சார்.

நான் துள்ளினேன். "நகத்தியிருக்காரு சார்! மொத நாள் ஓரத்துல பாத்துட்டு, ரெண்டாவது நாள் அதுக்காகவே நகத்தியிருக்காரு! நம்ம ரெண்டு ஃபிலிம் வேலையத்தான் செஞ்சிருக்காரு!"

"நகந்திருக்கு. யாரு நகத்தினாங்கன்னு பாக்கணும்ல?"

அதே இரவில் மற்ற பங்குக்காரர்களுக்காக அந்தத் தொலைநோக்கி எடுத்த படங்களை வரவழைத்தார். எல்லாமே கேட்ட இடத்தில் கச்சிதமாக இருந்தன. இயந்திரம் தானாகத் தடுமாறவில்லை. முனிரத்தினம் கேட்ட இடத்துக்குத்தான் அது திரும்பியிருக்கிறது.

"அந்தம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

"வேணாம். அவங்க போய்ப் புள்ளகிட்ட சொன்னா, அம்மா சொன்னதாதான் இருக்கும். ரெண்டு பேரையும் வரச்சொல்லு."

தயாளன் வேலை முடிந்து வந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், கதவோரம் நின்றான்.

"இன்னா சார், எங்கம்மா வந்து பேஜாரு பண்ணுச்சா? அதுக்கு வேற வேல இல்ல."

அம்மா தலை குனிந்துகொண்டார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சார் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். அவர் இரண்டு தாள்களையும் அவன் கையில் கொடுத்தார். இது உங்கள் நைனாவின் முதல் இரவு, இது இரண்டாவது, புள்ளியெல்லாம் விண்மீன், கோடு ஒரு தூசி மேகம். அவ்வளவுதான் சொன்னார்.

"ஓரத்தோட ஓரம் வெச்சிப் பாரு தம்பி."

ஜன்னலில் வைத்துப் பார்த்தான். "கோடு சேரல."

"இப்ப புள்ளிமேல புள்ளி வை."

ஃபிட்டர் கை. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்த்து, பொருத்தினான். "சேருது. ஆனா தாளு தள்ளிப் போய்டுச்சே சார்."

"எவ்ளோ தள்ளியிருக்கோ, அவ்ளோ தூரம் உங்க நைனா தொலைநோக்கிய நகத்தச் சொல்லியிருக்காரு."

"மிஷின் தப்பா இருந்தா?"

மற்றவர்களின் படங்களை சார் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். தயாளன் அவசரப்படாமல் பார்த்தான். திரும்பவும் ஜன்னலுக்குப் போய்த் தாளைப் பழைய இடத்துக்குத் தள்ளினான், மறுபடி நகர்த்தினான். மறுபடியும் அதையே செய்தான்.

"அவரு மூள அப்ப சரியாதான் இருந்துச்சுன்றீங்களா சார்?"

"அது படத்துல இல்ல தம்பி. படத்துல இருக்கறது இவ்ளோதான்."

எனக்கு சார்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தயாளன் ஜன்னலைவிட்டு நகரவில்லை. கோட்டின்மேல் விரலை வைத்து, தனக்குத்தானே பேசுகிறவன்போல் சொன்னான். "மொத நாளு ஓரத்துல இன்னாமோ தெரிஞ்சிக்கீது. கறையா, நெசமான்னு சந்தேகம் வந்துக்கீது. நகத்திப் பாத்தா தெரிஞ்சிடும்னு நகத்திக்கீறாரு." திரும்பி அம்மாவைப் பார்த்தான். "இது எந்த ராத்திரிமா? ரெண்டாவது?"

"ஆஸ்பத்திரிலடா. ஊட்டுக்குப் போலாம்னாரே, அன்னிக்கி."

அவன் முகம் கோணிக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆள், தாளைக் கீழே போடாமல் மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சுதான் சொல்லிக்கீறாரும்மா."

"அதத்தாண்டா பாவி நானும் சொல்லிக்கினு கீறேன்" என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார் அந்த அம்மா. அடித்த கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகளே, சார் அன்று ஆமாம் என்று சொல்லியிருந்தால், அவன் சாரை நம்பியிருப்பான், அல்லது நம்பாமல் போயிருப்பான். அவன் கையாலேயே நகர்த்திப் பார்த்ததால்தான் அவனுடைய நைனாவை நம்பினான். நான் முதல் நாள் தூக்கிக்காட்டிய அந்த அழகான படத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் பொத்தானை அழுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுத்துவதற்குமுன் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

தாள்களை அந்த அம்மா துணிப்பையில் வைத்துக்கொண்டார். கீழே மூடி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததில் படிக்கட்டே அதிர்ந்தது. தயாளன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினான். கடைசிப் படியில் நின்று அவன் சொன்னது அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

"வாம்மா. ஊட்டுக்குப் போலாம்."